பத்தொன்பதாவது குண்டு

நேற்று சாயங்காலம் எங்கள் வீட்டில் ஃப்யூஸ் போய்விட்டது. மிக்ஸியில் சட்னி பாதிதான் அரைந்திருந்தது. ஸ்டூலைப் போட்டு ஏறி, மெயின் போர்டிலிருந்து வெள்ளைப் பீங்கான் கட்டையைப் பிடுங்கினேன். உள்ளே கம்பி கருகிப் போயிருந்தது. கட்டை மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் சில்லென்று உள்ளங்கையில் உட்கார்ந்திருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் இரண்டு சின்னப் புள்ளிகள். உங்கள் யூனிட்டின் அடையாளம். பீங்கான் தொழில் எஸ்டேட்டில் நாலைந்து யூனிட் சரக்கு ஒரே சூளையில் வேகும், எது யாருடையது என்று பிறகு தகராறு வரக்கூடாது என்பதற்காக ஆளுக்கொரு அடையாளம் வைப்பீர்கள். உங்களுடையது இரட்டைப் புள்ளி. பச்சை மண்ணாக இருக்கும்போதே ஈர்க்குச்சியால் நீ குத்துவாய்.

கம்பி மாற்ற எனக்குத் தெரியும். நீ சொல்லிக் கொடுத்ததுதான். ஆனாலும் ஸ்டூலை விட்டு இறங்காமல் நின்றுகொண்டே இருந்தேன். கீழேயிருந்து என் வீட்டுக்காரர், "என்னா, ஷாக் அடிச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். அடித்திருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

இந்தக் கட்டையை நீ எனக்குக் கொடுத்தபோது, அதை ஏன் பீங்கானில் செய்கிறார்கள் என்று சொன்னாய். நான் அப்போதுதான் டீச்சர் வேலையில் சேர்ந்திருந்தேன். "செம்பு இருக்குதே, அது வெளி ஷெல்லுல இருக்குற எலக்ட்ரான அவுத்து வுட்டுடுது, அது கம்பி பூரா சுத்துது, கரண்டு ஓடுது. பீங்கான் ஒண்ணயும் வுடாது, எல்லாத்தயும் கெட்டியாப் புடிச்சு வெச்சுக்கும். ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தாத்தான்டி வூட்டுல லைட்டு எரியும்." பேசிக்கொண்டே மண் அப்பிய விரலால் என் புதுப் புடவையைத் தொட வந்தாய், நான் விலகிக்கொண்டேன். நீ சிரித்தாய். விலகியது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று இப்போது தோன்றுகிறது.

நீ போய் ஒன்பது மாதம் ஆகிறது. உயிரோடு இருந்தபோது சொல்லவேண்டியதை இப்போது எழுதுகிறேன். இதற்குப் பெயர் தைரியம் இல்லை, அதுவும் எனக்குத் தெரியும்.

பன்னிரண்டாவது வரைக்கும் நாம் இருவரும் ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு நீ இங்கேயே பீங்கான் டிப்ளமோ படிக்கப் போனாய், நான் தாவரவியல் பட்டம் வாங்கினேன். பட்டம் வாங்கியவள் நான் என்கிற திமிர் என்னிடம் கொஞ்சம் இருந்தது. நீ கண்டுகொண்டதில்லை. மெட்ரிக் பள்ளியில் எனக்கு வேலை கிடைத்ததும், "வாங்க டீச்சரே" என்று கேலி பண்ண ஆரம்பித்தாய், அதுவே என் பெயராகிப் போனது. சின்னப் பள்ளியில் செடியும் நான்தான், தவளையும் நான்தான், வேதியியலும் நான்தான். வேதியியலை நான் படித்துச் சொல்லித் தரவில்லை, முந்தின நாள் மனப்பாடம் செய்து சொல்லித் தந்தேன். இதை யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. உன்னிடம்கூட.

அந்த வருஷம் பெண்ணாடத்தில் அறிவியல் கண்காட்சி வந்தது. எல்லாப் பள்ளியும் தெர்மாகோலில் சோடியம் அணு செய்து கொண்டுவரும், நாம் பொட்டாசியம் செய்வோம், அதையும் பீங்கானில் செய்வோம் என்று தலைமையாசிரியரிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். பீங்கான் ஊரில் இருந்துகொண்டு தெர்மாகோலா என்று அவரும் குஷியாகிவிட்டார். நேரே உன்னிடம்தான் வந்தேன். தோசைக்கல் அகலத்துக்கு ஒரு தட்டு, நடுவில் ஒரு மேடு, அதுதான் கரு. அதைச் சுற்றி வளையம் வளையமாகப் பள்ளம், அவை எலக்ட்ரான் கூடுகள். பள்ளத்தில் பல்லாங்குழி மாதிரி குழிகள், குழிக்கொரு குண்டு. பிள்ளைகள் குண்டுகளை எடுத்து எடுத்து வைத்து விளக்கலாம். நீ கேட்டதும், "செஞ்சுரலாம் வுடு" என்றாய். அவ்வளவுதான் நமக்குள் ஒப்பந்தம்.

சார்ட் பேப்பரில் நானே வரைந்து கொடுத்தேன். பொட்டாசியத்துக்குப் பத்தொன்பது எலக்ட்ரான். முதல் கூட்டில் இரண்டு, இரண்டாவதில் எட்டு, மீதி ஒன்பது. மூன்றாவது கூடு பதினெட்டு வரை தாங்கும் என்று புத்தகத்தில் சூத்திரம் இருந்தது, ஆகவே ஒன்பதையும் அங்கேயே வைத்துவிட்டேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. அடுத்த பக்கத்தைத்தான் நான் திருப்பவில்லை.

இரண்டு நாள் கழித்து மதிய இடைவேளையில் நீ பள்ளிக்கே வந்துவிட்டாய். ஈரத் துணியில் பச்சை மண் தட்டைச் சுற்றி எடுத்து வந்திருந்தாய். முழங்கை வரை வெள்ளை வெள்ளையாக மண் காய்ந்திருந்தது. ஆசிரியர் அறையில் ஆறு பேர் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நீ என் மேஜையருகில் குனிந்து, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாய்.

"ஏன்டி, மூணாவதுல ஒம்போதா வரும்? எட்டு வெச்சுட்டு, ஒண்ணு நாலாவதுக்குப் போவணும்ல. கடைசி ஷெல்லுல எட்டுக்கு மேல நிக்காதே. நாங்க பளபளன்னு மேல பூசுற கிளேஸுக்குப் பொட்டாஷ் போடுறதே அதுக்காகத்தான். வெளியில ஒத்த எலக்ட்ரான வெச்சுக்கிட்டு யாருக்குடா குடுக்கலாம்னு நிக்கும். அத குடுக்கப் போயித்தான் சூளையில மணலே இளகுது."

நீ சொன்னது எனக்குப் புரியவில்லை. புரியவில்லை என்பது ஆறு பேருக்கும் தெரிந்துவிடுமோ என்பதுதான் அப்போது பெரிதாக இருந்தது. எரிந்து விழுந்தேன். "பதினெட்டு வரைக்கும் போவும்னு ஃபார்முலா இருக்குது. நீ மண்ணப் பாரு, பாடத்த நான் பாத்துக்கறேன்."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். உன் முகம் ஒரு நொடி சுண்டிப் போனது. பிறகு துணியை மூடி, "சரி டீச்சரே, ஒம்போதே போட்டுடறேன்" என்றாய். போகும்போது மேஜையில் நீ சிந்தியிருந்த மண்ணைப் புறங்கையால் துடைத்துவிட்டுப் போனாய். அந்த இடத்தை நான் மறுபடி ஈரத்துணி போட்டுத் துடைத்தேன்.

கண்காட்சிக்குப் போகும் காலை, நானும் நீயும் இரண்டு மாணவிகளும் பஸ் ஏறினோம். தட்டு உடையாமல் வந்து சேரவேண்டும், அதற்கு நீ கூட வந்தால்தான் எனக்கு நிம்மதி. அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்தாய். மடியில் வைக்கோல் சுற்றிய தட்டு, காலடியில் ஒரு ஒயர் கூடை. கூடையில் என்ன என்று நான் கேட்கவில்லை, சாப்பாடு என்று நினைத்தேன். பஸ் ஊரைத் தாண்டியதும் பிள்ளைகள் ஏதாவது கேட்டால் சொல்லத் தயாராக இருக்கலாமே என்று புத்தகத்தைப் பிரித்தேன். பக்கத்தைத் திருப்பினேன்.

கடைசிக் கூட்டில் எட்டுக்கு மேல் இருக்காது. பொட்டாசியம்: இரண்டு, எட்டு, எட்டு, ஒன்று. கட்டம் கட்டியே போட்டிருந்தார்கள்.

நீ ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாய். என் மடியில் விரிந்து கிடந்த பக்கத்தை நீ பார்த்தாய் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். கரும்பு டிராக்டர் ஒன்று வழிவிடாமல் போய்க்கொண்டிருந்தது, பஸ் அதன் பின்னாலேயே ஊர்ந்தது. "என்னாடி, மொகம் ஒரு மாரி இருக்குது?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு, என் முகத்தையே பார்த்தபடி இருந்தாய்.

"ஒண்ணுமில்ல. வெயிலு" என்றேன். புத்தகத்தை மூடிவிட்டேன். குழிகளை யார் எண்ணப் போகிறார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெண்ணாடம் வரைக்கும் அரைமணிக்கும் மேலே இருந்தது. "நீ சொன்னதுதான்டி சரி" என்று ஒரு வாக்கியம் சொல்ல எனக்கு அவ்வளவு நேரம் போதவில்லை.

ஒருவர் எண்ணினார். பக்கத்துக் கல்லூரியில் வேதியியல் நடத்துபவர், நடுவராக வந்திருந்தார். பேனா மூடியால் ஒவ்வொரு குழியாகத் தொட்டுக்கொண்டு வந்தவர் மூன்றாவது வளையத்தில் நின்றார். "ஒன்பதா?" என்று என்னைப் பார்த்தார். என் மாணவிகள் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

இனி வருவதை எழுத எனக்குக் கை கூசுகிறது. ஆனால் எழுதாமல் விட்டால் இந்த மடலுக்கு அர்த்தமே இல்லை. நான் சொன்னது இதுதான். "செஞ்சவங்க தப்பா குத்திட்டாங்க சார். மண் வேலை செய்றவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியப் போவுது."

நீ எனக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தாய்.

திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவில்லை. உன் குரல்தான் வந்தது. "ஆமாங்க சார். டீச்சர் வரைஞ்சு குடுத்தது சரியாத்தான் இருந்துது. நான்தான் மொதல்ல எண்ணாம குத்திட்டேன். அப்புறம் அவங்க சொன்ன மாரியே சரியா ஒண்ணு செஞ்சேங்க. வரும்போது அவசரத்துல மாத்தி எடுத்து வெச்சுட்டேன்." முன்னால் வந்து, ஒயர் கூடையிலிருந்து இன்னொரு தட்டை எடுத்தாய். நான்கு வளையம். இரண்டு, எட்டு, எட்டு, ஒன்று. பதினெட்டுக் குண்டுகள் நீலம். கடைசி ஒன்று மட்டும் காவி நிறம்.

ஒன்பது என்று நான் அடம்பிடித்த அன்றைக்கே நீ இரண்டாவதையும் செய்துவிட்டிருக்கிறாய். என்றைக்காவது நான் பக்கத்தைத் திருப்புவேன் என்று நம்பியிருக்கிறாய். பஸ்ஸில் நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், கூடையைத் திறந்து காட்டி, மண்டையில் செல்லமாக ஒரு குட்டு வைத்திருப்பாய், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அதற்காகத்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பதினான்கு வருஷ சிநேகிதத்தில் என்னை 'அவங்க' என்று நீ சொன்னது அந்த ஒரு முறைதான்.

நடுவர் காவிக் குண்டைத் தொட்டார். அது குழிக்குள் லொடலொடவென்று ஆடியது. "இது மட்டும் ஏம்மா ஆடுது?" என்று என்னிடம் கேட்டார். எனக்கு ஏதும் தெரியாது. சுடும்போது மண் சுருங்கிவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் நீயே, "டீச்சர்தான் அப்படி செய்யச் சொன்னாங்க சார். வெளியில தனியா நிக்கிறது சீக்கிரம் கழண்டு போவும்னு பிள்ளைங்களுக்குக் கையில தெரியணும்னாங்க" என்றாய். பத்தொன்பதாவது குண்டை வேண்டுமென்றே ஒரு சுற்றுச் சின்னதாக உருட்டியிருக்கிறாய். அவர் அசந்துபோனார். "இணைதிறன் எலக்ட்ரானை இப்படி ஒருத்தரும் காட்டினதில்லை" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் கையைக் கொடுத்தேன்.

முதல் பரிசு நமக்கு. எனக்கு என்று எழுதுவதுதான் சரி. படம் எடுக்கும்போது என் தோளில் கைப்பை தொங்கிக்கொண்டிருந்தது, நன்றாக இருக்காது என்று நீதான் வாங்கி வைத்துக்கொண்டாய். அந்தப் படம் இன்னும் எங்கள் பள்ளி வரவேற்பறையில் மாட்டியிருக்கிறது. நான், இரண்டு மாணவிகள், தட்டு, கேடயம். நீ படமெடுத்தவருக்குப் பின்னால் என் கைப்பையோடு நின்றாய். படத்தில் நான் பார்த்துச் சிரிப்பது கேமராவை என்று எல்லாரும் நினைக்கிறார்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நீ, "நல்லா சிரிடி" என்று வாயசைத்துக்கொண்டிருந்தாய்.

திரும்பி வரும்போது ஒன்பது குழித் தட்டு உன் கூடைக்குப் போய்விட்டது, சரியான தட்டு என் மடிக்கு வந்துவிட்டது. சர்க்கரை ஆலை வாடையைப் பற்றி நீ ஏதோ சொன்னாய், பிறகு தூங்கிவிட்டாய். நிஜமாகவே தூங்கினாயா, எனக்குச் சங்கடம் வேண்டாம் என்று கண்ணை மூடிக்கொண்டாயா, தெரியவில்லை. இறங்கும்போது வழக்கம்போல "போயிட்டு வரேன்டி" என்றாய். அந்த 'டி'யைத் திருப்பிக் கொடுத்ததற்கு நான் அழுதிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

மூன்று நாள் கழித்து கைப்பையில் பஸ் சில்லறை தேடும்போது, கைக்குட்டையின் மூலையில் ஒரு முடிச்சு தட்டுப்பட்டது, தடவிப் பார்த்தால் உள்ளே அந்தக் காவிக் குண்டு. கழன்று எங்கேயும் விழுந்துவிடக் கூடாது என்று படம் எடுத்த பிறகு நீ பத்திரப்படுத்தியிருக்கிறாய். அதை உடனே தட்டில் வைத்திருக்கலாம். வைத்தால் உன்னைப் பார்க்க வரவேண்டும், இதைச் சொல்லவேண்டும் என்று என் மனதில் எப்படியோ ஒரு முடிச்சு விழுந்துவிட்டது. நாளைக்கு, அடுத்த வாரம், பரீட்சை முடியட்டும் என்று தள்ளினேன். பள்ளி அலமாரியில் தட்டு கடைசிக் குழி காலியாகவே நின்றது. பிள்ளைகள் கேட்டால், "பொட்டாசியம் அத யாருக்கோ குடுத்துடுச்சு" என்று சாமர்த்தியமாகப் பதில் சொல்லிவிடுவேன். அயனி நடத்த வசதியாகக்கூட இருந்தது.

உன்னை ஏன் தவிர்த்தேன் என்று நீ யோசித்திருப்பாய். உன் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்தாயோ என்னவோ. தப்புச் செய்தவள் நான், ஆனால் எஸ்டேட் வழியாகப் போவதை நிறுத்தி ஊரைச் சுற்றிப் போனதும் நான்தான். உன் மகள் சடங்குக்கு, பரீட்சைப் பேப்பர் திருத்தும் வேலை என்று சாக்குச் சொல்லி, புடவையைப் பக்கத்து வீட்டம்மாவிடம் கொடுத்தனுப்பினேன். மஞ்சள் காமாலை முற்றி உன்னைப் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டபோது, ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றிருந்தேன். நீ வெள்ளிக்கிழமையே வீட்டுக்கு வந்துவிட்டாய், வண்டியில் படுத்தபடி. அன்றைக்குத்தான் உன் வீட்டு அலமாரியில் ஒன்பது குழித் தட்டைப் பார்த்தேன். குழிகளில் ஊக்கும், பட்டனும், ஹேர்பின்னும் போட்டு வைத்திருந்தாய். அதைப் பார்த்த பிறகு உன் முகத்தைப் பார்க்க முடியாமல் மாலையைக் காலடியில் வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

இந்த வருஷம் உன் மகள் என் ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறாள். அதே பேச்சு, அதே அகலமான நெற்றி. திங்கள்கிழமை எலக்ட்ரான் கூடு பாடம். அலமாரியிலிருந்து தட்டை எடுத்து மேஜையில் வைத்ததும் அவள் எழுந்து நின்றாள்.

"மிஸ், எங்க வூட்டுல இதே மாரி ஒண்ணு இருக்குது. அது ராங்கு. அம்மா எண்ணாம குத்திட்டாங்களாம். எண்ணத் தெரியாதவளேன்னு அப்பா கடைசி வரைக்கும் கிண்டல் பண்ணிட்டே இருப்பாரு."

வகுப்பு சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். அம்மாவைப் பற்றிச் சொல்ல ஒரு வேடிக்கை கிடைத்த சந்தோஷம் அவளுக்கு. வீட்டில்கூட நீ என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. புருஷன் கேலியை அத்தனை வருஷம் சிரித்தபடி வாங்கிக்கொண்டிருக்கிறாய்.

அப்போதும் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உயிரோடு இருந்த உன்னை ஒரு முறை, செத்துப்போன உன்னை ஒரு முறை, அதுவும் உன் பிள்ளை முன்னால், காட்டிக் கொடுத்துவிட்டேன். நேற்று ஸ்டூல் மேல் நின்று உன் இரட்டைப் புள்ளியைத் தடவிக்கொண்டிருந்தபோது இதுதான் என்னைப் போட்டுக் குடைந்தது.

இன்று காலை முதல் பீரியடில் சாக்பீஸை எடுத்து, இரண்டு, எட்டு, ஒன்பது என்று பலகையில் வரைந்தேன். அதே முத்து முத்தான கையெழுத்து. ஒரு பிள்ளை, "தப்பு மிஸ்" என்றது. "ஆமாம், தப்பு. இது நான் வரைஞ்சு குடுத்தது" என்றேன். உன் மகளைப் பார்த்துச் சொன்னேன். "உங்க அம்மா எண்ணித்தான் குத்துனாங்க. தப்புன்னு எங்கிட்ட வந்து சொன்னாங்க. நான்தான் கேக்கல. எல்லார் முன்னாடியும் அவங்க தப்புன்னு பொய் சொன்னேன். இந்தச் சரியான தட்டு முழுக்க அவங்க யோசனை. எனக்குக் கிடைச்ச பரிசு அவங்களுது." யாரும் சிரிக்கவில்லை.

அவள் குனிந்து நோட்டில் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். மணி அடித்ததும் மேஜைக்கு வந்தாள். திட்டுவாள், அழுவாள் என்றெல்லாம் நினைத்து என்னைத் தயார்ப்படுத்திக்கொண்டேன்.

"மிஸ், நான் சொன்னா அப்பா நம்ப மாட்டாரு. நீங்க வூட்டுக்கு வந்து சொல்றீங்களா?"

"வரேம்மா. ஞாயித்துக்கிழம வரேன்."

"அம்மா படுத்துருந்தப்பவும் ஞாயித்துக்கிழம வருவீங்கன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்க" என்றாள். குற்றம் சொல்கிற குரலில்லை, ஞாபகம் வந்ததைச் சொன்னாள். பையை மாட்டிக்கொண்டு, "போயிட்டு வரேன் மிஸ்" என்று அடுத்த வகுப்புக்குப் போய்விட்டாள்.

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். யாரிடமும் நான் சொல்லி அனுப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமை என்று என் மனதுக்குள் மட்டும்தான் வைத்திருந்தேன். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு, வந்தால் அன்றைக்குத்தான் வரமுடியும் என்று நீயாகக் கணக்குப் போட்டு, வெள்ளிக்கிழமை வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாய்.

கைக்குட்டை முடிச்சு இன்னும் என் கைப்பையில்தான் இருக்கிறது. அதைக்கூட நான் அவிழ்க்கவில்லை, போட்டவள் நீ. மூன்று கைப்பை மாறிவிட்டது, முடிச்சு மாறவில்லை. இன்று தலைமையாசிரியரிடம் எல்லாவற்றையும் சொல்லித் தட்டையும் கேடயத்தையும் வாங்கி வைத்திருக்கிறேன். வரவேற்பறைப் படத்தைக் கழற்றுவதா வேண்டாமா என்று அவர் யோசித்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரரிடம் முதலில் என்ன சொல்லவேண்டும் என்று இப்போதே பேசிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். "ஒம்போதுன்னு வரைஞ்சது நான்தாங்க." இவ்வளவுதான். பஸ்ஸில் உன்னிடம் சொல்லியிருந்தால் இதைவிடச் சின்னதாகவே முடிந்திருக்கும்.

முடிச்சை உன் மகளை அவிழ்க்கச் சொல்வேன். குண்டைக் குழியில் வைப்பாளோ, என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவாளோ, அது அவள் இஷ்டம். கொடுத்தால் வாங்கிக்கொண்டு வருவேன்.